நாற்பது பேருக்கு ஒரு கையெழுத்து

உங்களுக்கு ஆளுக்கு மூன்று புது விரிவுரையாளர்களைப் பிரித்துக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆய்வு மானியத்துக்கு விண்ணப்பித்தே பழக்கமில்லாதவர்களுக்கு அதைச் சொல்லித்தரப் போகிற புது வழிகாட்டிகள் நீங்கள். அந்த வேலையைப் பன்னிரண்டு வருஷம் நான் பார்த்ததால் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் பேராசிரியை ஆகியிருக்க மாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தை எப்படி நிரப்புவது என்று நான் எழுதப் போவதில்லை. அதற்கு அலுவலகத்தில் தலையணை மாதிரி ஒரு கையேடு இருக்கிறது. யாரும் படிப்பதில்லை, ஆனால் இருக்கிறது. நான் எழுத வந்தது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. அதனால் ஒரு பெண்ணுக்கு வேலையே போயிருக்கும். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிரில் செய்தேன்.

அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதல் விண்ணப்பத்தில் உலகத்தையே தூக்கிக்கொண்டு வருவார்கள். மூன்றே வருஷத்தில் நாட்டின் வெள்ளப் பிரச்சினையை ஒழித்துக் கட்டுவதாக ஒருவர் எழுதியிருந்தார். தம்பி, உங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் சாக்கடையில் தொடங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கோபித்துக்கொண்டு போனார், அடுத்த மாதம் சாக்கடையோடு வந்தார், மானியம் கிடைத்தது. இப்படி நாலைந்து பேருக்குக் கிடைத்ததும் என் சிவப்புப் பேனாவுக்குப் பெயர் வந்துவிட்டது. என் அறைக்குள் வரும்போதே பிள்ளைகள் முகம் வெளிறிப் போவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஸ்டெல்லா வந்தது அந்தச் சமயத்தில்தான். சிரம்பானுக்குப் பக்கத்தில் மந்தினில் பிறந்து வளர்ந்த பெண். அப்பா லோரி ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற குடும்பம். பல்கலைக்கழகத்துக்கு வருமுன் மருத்துவமனையில் பிசியோதெரபி பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வந்த வயதான தமிழ்ப் பெண்கள் பலருக்குக் கை மரத்துப் போயிருந்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, கரண்டியைப் பிடித்தால் நழுவுகிறது. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரே பதிலைச் சொன்னார்களாம். தோட்டத்தில் மருந்தடித்தேன். அதாவது முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு செம்பனை மர வரிசைக்குள் களைக்கொல்லி தெளிக்கிற வேலை. வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அந்த மருந்து அவர்கள் நரம்பிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் என்ன செய்துவைத்திருக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதுதான் அவள் கேட்ட கேள்வி. எனக்கு முதல் வாசிப்பிலேயே பிடித்துப்போய்விட்டது. சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். அதை நான் அடிக்கடி செய்ததில்லை.

ஆனால் அவளுக்கு நேரம் இல்லை. மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்தவள். அதற்குள் வெளியிலிருந்து ஒரு மானியமாவது தன் பெயரில் வாங்கிக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. முதல் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. இதுதான் கடைசி வாய்ப்பு, விண்ணப்பம் மூடுவதற்கு ஆறு வாரம். போனால் அவள் வேலை மட்டும் போகாது, அந்தப் பெண்களின் கையைப் பற்றிக் கேட்க வேறு ஒருத்தியும் வரப்போவதில்லை.

படிவத்தில் ஒரு பக்கம் இருக்கும், உங்களுக்குத் தெரியும். ஆய்வில் பங்கெடுக்கப் போகிறவர்களை அணுகிவிட்டீர்களா, ஒப்புக்கொண்டார்களா என்று கேட்கும் பக்கம். ஸ்டெல்லா அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். செண்டாயான் பக்கம் ஒரு தோட்டம் வீட்டு மனைகளாக மாறியபோது அங்கிருந்த குடும்பங்களுக்கு ஓரமாக வரிசை வீடுகளோடு ஒரு சின்னக் குடியிருப்பு, ஒரு தாமான், கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அங்கே மருந்தடித்த பெண்கள் நாற்பது பேர் இருக்கிறார்கள், வீடு வீடாகப் போய்க் கேட்கவேண்டும், நாலு வாரமாவது ஆகும் என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். நான் தோட்டத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயது வரைக்கும் லயத்து வீட்டில் படுத்து எழுந்தவள். தோட்டத்துக்குள் வெளியாள் எப்படி நுழையவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளினிக்காரன் வந்தாலும், கட்சிக்காரன் வந்தாலும், பால்மாவு விற்கிறவன் வந்தாலும் முதலில் கோயில் தலைவரைப் பார்ப்பான். அவர் சரி என்றால் தோட்டமே சரி. தாமானுக்கு மாறினாலும் கோயிலும் கூடவே மாறி வந்திருக்கும், தலைவரும் இருப்பார். நாலு வாரம் எதற்கு, நாலு மணி நேரம் போதும் என்றேன். நீ டவுன் பிள்ளை, உனக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமையே இரண்டு பேரும் போனோம். கோயிலுக்கு முன்னால் ஏதோ விசேஷத்துக்குப் பந்தல் கால் நட்டிருந்தார்கள், காடியை ஓட்டிக்கொண்டு போக இடமில்லை. கொஞ்சம் முன்னாலேயே ஒரு நீல கேட் போட்ட வீட்டுக்கு எதிரே ரம்புத்தான் மர நிழலில் நிறுத்தினேன். அந்த வீட்டு வாசலில் ஒரு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கோயிலுக்கு நடந்தேன்.

தலைவர் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அந்தத் தாமானுக்குத் தண்ணீர்க் குழாய் வந்ததே அவர் அலைந்ததால்தான். எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். என் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் அவருடைய மாமா ஒருவர் அங்கே ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தது தெரிய வந்தது. அதற்குப் பிறகு ஆய்வைப் பற்றிப் பேசியது பத்து நிமிஷம்தான்.

“டாக்டர், நான் சொன்னா சொன்னதுதான்லா,” என்றார். “நம்ம பொம்பளைங்க ஒருத்தி மறுத்துப் பேச மாட்டா. கடுதாசி எழுதிக்குங்க, நான் சைன் போட்டுத் தரேன்.”

எழுதினோம். இந்தத் தாமானில் உள்ள நாற்பது பெண்களும் ஆய்வுக்கு முழுச் சம்மதம். கீழே தலைவர் கையெழுத்து, அதன்மேல் கோயில் முத்திரை. திரும்பி வந்து காடிக் கதவைத் திறந்தபோது ஸ்டெல்லா நின்றுவிட்டாள். துணி காயப்போட்ட அம்மா இன்னும் வாசலில்தான் இருந்தார்.

“புரொப், அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?”

“மழ வருது. ஏறு,” என்றேன்.

மழை உண்மையாகவே வந்தது. மம்பாவ் தாண்டும்போது கொட்டியது. கடிதத்தை நனையாமல் கோப்புக்குள் வைத்து அவள் மடியில் பிடித்திருந்தாள். தனித்தனி ஒப்புதல் படிவங்களை மானியம் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம், இப்போதைக்கு இந்தக் கடிதம் போதும் என்று நான் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தப் பக்கத்தில் ‘நாற்பது பேரும் ஒப்புக்கொண்டுள்ளனர்’ என்ற வரியை எழுதியதும் என் சிவப்புப் பேனாதான். அவள் எழுதியிருந்தது ‘தலைவர் ஆதரவு தெரிவித்துள்ளார்’ என்று. வலுவாக இல்லை என்று அடித்துவிட்டேன்.

விண்ணப்பம் முதல் சுற்றில் தேறியது. கோலாலம்பூரில் மதிப்பீட்டுக் குழுவின் முன் நேரில் விளக்கவேண்டும், பத்து நாள் அவகாசம். ஸ்டெல்லா துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், இரண்டு மூன்று பேருடைய கைப்பிடி வலிமையை அளந்து குழுவிடம் காட்டினால் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு தாமானுக்குப் போனாள். நான் போகவில்லை. எல்லாம் முடிந்த வேலை என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முதல் வீட்டில் கதவைத் திறக்கவில்லையாம். இரண்டாவது வீட்டில் தலைவலி என்றார்களாம். மூன்றாவது வீட்டில் பேத்தியை விட்டு ஆயா வீட்டில் இல்லை என்று சொல்ல வைத்தார்களாம், ஆயாவின் குரல் அடுக்களையில் கேட்டுக்கொண்டிருக்க. கடைசியில் அந்த நீல கேட் வீட்டில்தான் ஒருத்தர் முகத்துக்கு நேரே பேசியிருக்கிறார். பெயர் பச்சையம்மா. இருபத்து மூன்று வருஷம் மருந்தடித்தவர். ஸ்டெல்லா அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டியதும் அவர் சொன்னது இதுதான்.

“தலைவரு சம்மதிச்சாருன்னா தலைவருகிட்டயே ரத்தம் எடுத்துக்கோ, பாப்பா. அவரு கையிலதான் எடுக்கணும்.”

அதற்கு மேல் அவர் சொன்னதை ஸ்டெல்லா எனக்கு அப்படியே சொன்னாள். தோட்டத்தில் இருந்த காலத்தில் ஒருநாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் மருந்தடிக்கிற பெண்களை மட்டும் வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்கள். மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொருவர் கையிலும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி எல்லாருக்கும் சேர்த்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதம் கழித்து ஐந்து பெண்களை மட்டும் மருந்து வேலையிலிருந்து எடுத்துப் புல் வெட்டப் போட்டார்கள். ஏன் அந்த ஐந்து பேர், ரத்தத்தில் என்ன இருந்தது, யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு வேலையைப் பார் என்று பதில் வந்தது. அந்த ஐந்து பேரில் பச்சையம்மாவும் ஒருவர். மற்ற நால்வரில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை.

இதைக் கேட்டு எனக்கு என்ன வந்திருக்கவேண்டும்? வெட்கம் வந்திருக்கவேண்டும். வந்தது கோபம். அதுவும் அந்தப் பெண்கள் மேல். ஒரு நல்ல காரியத்துக்குப் போகிறோம், கதவைச் சாத்துகிறார்களே என்று பொரிந்து தள்ளினேன். ஸ்டெல்லா நான் முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு, குழுவிடம் என்ன சொல்வது என்று கேட்டாள்.

பத்து நாள்கூட இல்லை. கடைசி வாய்ப்பு. அந்த இடத்தில் உங்களில் யார் இருந்தாலும் என்ன சொல்லியிருப்பீர்களோ அதையே நானும் சொன்னேன். ஒன்றும் சொல்லாதே. கடிதம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, யாரும் கேட்கப் போவதில்லை. முதலில் மானியம் கையில் வரட்டும், அதற்குப் பிறகு ஒரு வருஷம் இருக்கிறது, ஒவ்வொருவராகப் பேசிச் சம்மதிக்க வைக்கலாம். நீ வேலையில் இருந்தால்தானே அவர்களுக்கு ஏதாவது செய்ய முடியும். இந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது. கேட்க அவ்வளவு நியாயமாக இருக்கும்.

மீதி இருந்த நாள் முழுவதும் வேலை முடிந்து சாயந்தரம் சாயந்தரம் அவள் தாமானுக்குப் போயிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேர்காணல் நாளன்று மந்தினில் அவள் வீட்டு வாசலில் அவளை ஏற்றிக்கொண்டேன். கரும்பச்சைச் சேலை கட்டியிருந்தாள். மடியில் கணினிப் பை. நெடுஞ்சாலையில் ஏறியதும் நான் மறுபடி என் பாட்டைத் தொடங்கினேன். திரையில் போடும் மூன்றாவது படத்தைச் சீக்கிரம் தாண்டிவிடு, சம்மதத்தைப் பற்றிக் கேட்டால் கடிதம் இணைப்பில் இருக்கிறது என்று மட்டும் சொல், பொய் சொல்லவேண்டாம், கூடுதலாகப் பேசாதே. அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். காஜாங் வந்தபோது ஒரு கேள்வி கேட்டாள்.

“புரொப், அன்னைக்கு அந்தக் கிராணியும் இப்படித்தான் நெனச்சிருப்பாரா?”

பாதை நெரிசலாக இருக்கிறது என்று ஏதோ முணுமுணுத்தேன்.

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவி ஒரு மலாய்ப் பேராசிரியை, என் வயது இருக்கும், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுப் பார்ப்பவர். வழிகாட்டிகள் பின்வரிசையில் உட்காரலாம், பேசக்கூடாது. ஸ்டெல்லா எழுந்தாள். முதல் படமே நான் பார்த்திராத படம். விண்ணப்பத்தின் அந்தப் பக்கத்தையே பெரிதாகப் போட்டிருந்தாள்.

இந்தப் பக்கம் தவறு என்று தொடங்கினாள். நாற்பது பேர் ஒப்புக்கொண்டதாக இருக்கிறது, ஒப்புக்கொண்டவர் ஒரே ஒரு ஆண், அவர் மருந்தடித்தவர் அல்லர். நேற்று வரைக்கும் வீட்டில் போய்க் கேட்டதில் ஆறு பெண்கள் சம்மதித்திருக்கிறார்கள், அதுவும் மூன்று நிபந்தனைகளோடு. ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை வேறு எவருக்கும் முன்னால் தங்களுக்கு, தங்கள் வீட்டில் வைத்து, தமிழில் சொல்லவேண்டும். யார் சேர்ந்தார்கள் யார் சேரவில்லை என்று கோயிலுக்குப் போகக்கூடாது. எப்போது வேண்டாம் என்றாலும் ஏன் என்று கேட்கக்கூடாது. இந்த நிபந்தனைகளைப் போட்டவர் ஒரு முன்னாள் தொழிலாளி என்றும் சொன்னாள், அது பச்சையம்மாதான் என்று எனக்குப் புரிந்தது.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். இந்தக் கடிதத்தை இணைக்கச் சொன்னது யார் என்று கேட்டார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது நான், பொறுப்பும் என்னுடையது என்றாள் ஸ்டெல்லா.

நான் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். வாயைத் திறக்கக்கூடாது என்பது விதி. ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருந்தது. பன்னிரண்டு வருஷப் பெயர். உட்கார்ந்தே இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தேன், அதையும் சேர்த்தே எழுதுகிறேன். பிறகு நாற்காலி தரையில் கீச்சென்று இழுபட நான் எழுந்தேன். கடிதம் வாங்கச் சொன்னது நான், அந்த வரியை எழுதியதும் நான், அவள் வேறு மாதிரி எழுதியிருந்ததை அடித்தவளும் நான் என்றேன். தலைவி என்னை உட்காரச் சொன்னார். குரல் கடுமையாக இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த முறை மானியம் கிடைக்கவில்லை. ஸ்டெல்லா உண்மையைச் சொன்னதும் குழு கண்ணீரோடு கையைத் தட்டியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் நடக்கவில்லை. வந்த கடிதத்தில் இரண்டே வரி. கேள்வி முக்கியமானது. உரியவர்களிடம் சம்மதம் பெற்று அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கவும். அடுத்த சுற்றுக்கு ஒன்பது மாதம் இருந்தது, அவள் ஒப்பந்தத்துக்கு ஏழு மாதம்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, இந்த வாரம் ஐந்தாவது வரிசை வீடுகளுக்குப் போகிறேன் என்றாள். மானியம் இல்லை, வேலையும் இருக்குமோ இருக்காதோ, எதற்குப் போகிறாய் என்றேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேனே புரொப் என்றாள். அவ்வளவுதான் அவளுடைய விளக்கம்.

அன்றைக்கு எனக்கும் ஒரு பிடிவாதம் வந்தது. டீனிடம் போனேன். ஒப்பந்த விதியை எடுத்துக் காட்டினார். விதி சரிதான், மானியம் ஏன் வரவில்லை என்ற இடத்தில் என் பெயரை எழுதுங்கள் என்று கையெழுத்திட்ட கடிதத்தை நீட்டினேன். யோசிப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் போனேன், இன்னும் யோசிப்பதாகச் சொன்னார். மூன்றாவது முறை நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் காரியதரிசிகள் எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று அவர் கேட்டார். தேவைதான் என்றேன். ஒரு வருஷம் நீட்டித்தார். வழிகாட்டிக் குழுவின் தலைமையிலிருந்து என்னை எடுத்தார்கள். நியாயம்தான், நான் மறுத்துப் பேசவில்லை.

ஸ்டெல்லா அந்த ஒன்பது மாதமும் நடந்தாள். தலைவர் கோபித்துக்கொண்டார். தன் வார்த்தைக்கு மரியாதை இல்லையா என்று எனக்கே போன் செய்தார். அவள் அவர் வீட்டுக்கும் போனாள், அவரைப் பார்க்க அல்ல. அவர் மனைவி ராஜாமணியும் பதினெட்டு வருஷம் மருந்தடித்தவர். தானும் சம்மதித்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் ராஜாமணிக்கே தெரிந்ததாம். தலைவரின் முகத்துக்கு நேராகவே ராஜாமணி அதைக் கேட்டிருக்கிறார்.

“ஊருக்கெல்லாம் நீங்க பேசுங்க, வேணாங்கல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

தலைவர் எழுந்து வெளியே போய்விட்டாராம். இரண்டு வாரம் கழித்து, வேண்டுமானால் கோயில் மண்டபத்தைப் பரிசோதனைக்குத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். பெண்கள் வேண்டாம், வீட்டில்தான் என்றார்கள். அவர் அதற்கும் சரி என்றார். அதனால்தான் அவரை நல்ல மனிதர் என்று சொன்னேன்.

அடுத்த விண்ணப்பத்தில் அந்தப் பக்கத்தை ஸ்டெல்லாவே எழுதினாள். நான் பேனாவை எடுக்கவில்லை. இருபத்தொன்பது பேர் சம்மதித்துள்ளனர், பதினொருவர் மறுத்துள்ளனர். அதே தலைவி, அந்தப் பதினொரு பேரை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாராம். ஒன்றும் செய்யப் போவதில்லை, அது அவர்கள் விருப்பம் என்று ஸ்டெல்லா சொல்லியிருக்கிறாள். மானியம் கிடைத்தது. வேலையும் நிலைத்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ஸ்டெல்லா கூப்பிட்டாள். முதல் முடிவுகள் வந்துவிட்டன, பச்சையம்மா ஆன்ட்டி வீட்டில் சொல்லப் போகிறேன், அவர் உங்களையும் வரச் சொன்னார் என்றாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. போனேன். நீல கேட்டுக்கு எதிரே அதே ரம்புத்தான் நிழலில் காடியை நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் அது எந்த இடம் என்று உறைத்தது.

ஸ்டெல்லா அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். கை நரம்பு இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டிருக்கிறது. ஈரல் பரவாயில்லை. சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம், சிரம்பான் பெரிய மருத்துவமனையில் நாள் வாங்கியிருக்கிறேன், நானே கூட வருகிறேன். பச்சையம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், முன்பு எடுத்த ரத்தத்தில் என்ன இருந்தது என்று கேட்டார். தேடினேன் ஆன்ட்டி, அந்தத் தாள் எங்கேயும் கிடைக்கவில்லை என்றாள் ஸ்டெல்லா. அவர் தலையாட்டினார். தாளை வாங்கி, மேலே தன் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். ஸ்டெல்லா விரலை வைத்துக் காட்டினாள். அவர் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடையாள அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் அதை மடித்து வைத்தார்.

இதற்கு மேல் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அந்தக் கடிதத்தைத் தலைவரிடம் வாங்கியது நான்தான் அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

“தெரியும் டீச்சர்,” என்றார். கோபம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். “அன்னைக்கு எங்க வீட்டு முன்னாலதான காடிய போட்டீங்க. என்னப் பாத்துச் சிரிச்சீங்க. ஏதோ கேக்க வர்றீங்கன்னு நெனச்சு, ஈரக் கையத் தொடச்சிக்கிட்டு நின்னேன்.”

அவர் எழுந்து தேநீர் போடப் போனார். கெட்டில் பிடியை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்கினார். நான் எழுந்து போய் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.

அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. உங்களுக்குக் கொடுத்திருக்கும் அந்த மூன்று பேரும் இந்த வாரம் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாள் குறைவாக இருக்கும், உங்கள் கையில் பேனா இருக்கும், உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அவர்களில் ஒருவர் வாசலில் தயங்கி நின்று, நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டுமா என்று உங்களைக் கேட்டால், மழை வருகிறது என்று சொல்லிவிடாதீர்கள்.